அதிகம் பேர் அறியாத ஒரு நிரல்மொழியில் டெஸ்க்டாப் ஆப் எழுத ஆட்களை வரவைப்பது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மொழி உருவாக்குகிற அளவுக்கு ஞானமில்லை. அப்படி ஒரு மொழியை நம்பி இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவம் உண்டு.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன மொழி மேல் ஆசை வந்தது. பெயர் வேண்டாம், சம்பளமில்லாமல் உழைக்கிறவர்கள். ஒரு பவர்டேபிள் யூனிட்டுக்கு, அதாவது பனியன் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைக்கு, டெலிவரி சலான் போடும் ஆப்பை அதில் எழுதினேன். மொழி அருமை: ஒரே எக்ஸி ஃபைல், பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும். பார்ட்டி பெயர் கட்டத்தில் 'கொங்கு' என்று அடித்தேன். இந்த ஊரில் அந்தப் பெயருக்கா பஞ்சம்? திரையில் க தனியாக நிற்க, அதற்குப் பின்னால் கொம்பும் காலும் நடுவில் வெற்றிடத்தோடு வந்து உட்கார்ந்தன. ங-வின் புள்ளி அந்தரத்தில் தொங்கியது.

திரையை அமைக்க அந்த மொழியோடு வந்த நூலகம் (தயார் நிரல்களின் தொகுப்பு) பட்டன், எழுத்து எல்லாவற்றையும் தானே வரைகிற வகை. யூனிகோடில் ஒகரக் குறி மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். அதைப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் மாதிரியான எழுத்துக்கோர்ப்பு நூலகத்தின் வேலை. திரை அமைக்கும் பெரிய நூலகங்களான ஜிடிகே, கியூட்டி, அப்புறம் குரோம் உலாவி எல்லாம் அதைத்தான் வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது.

சரி, பார்ட்டி பெயரை ஆங்கிலத்தில் வைத்துச் சமாளித்தேன். அடுத்து, கணக்குப் பார்க்கும் அக்கா கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, எண்டர் தட்டுனா அடுத்த கட்டத்துக்குப் போவ மாட்டேங்குதுங்க?" எண்டர் தட்டியே கட்டம் கட்டமாக நகரும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகிய கை அது. கலர் ஒரு பக்கம், சைஸ் ஒரு பக்கம், நடுவே பீஸ் கணக்கு. மவுஸைத் தொடாமல் நிமிடத்தில் ஒரு சலானை முடித்துவிடுவார். அந்த நூலகத்தில் அட்டவணை இருந்தது, பார்ப்பதற்கு மட்டும். கட்டத்துக்குள் தட்டச்சு செய்ய வழியில்லை.

இந்த மொழிகளின் முகப்புப் பக்கத்தில் எப்போதும் ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் எண் ஒன்று கூடும். அதைப் பார்த்து யாரும் வர மாட்டார்கள். இரண்டாயிரம் வரி உள்ள அட்டவணை, அதில் தமிழ் உள்ளீடு, அப்புறம் பிரிண்ட் என்று உண்மையில் ஓடுகிற ஒரு ஆப்பை முழுசாக எழுதி, மூல நிரலோடு வையுங்கள். எழுதும்போதே எங்கெங்கே ஓட்டை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆட்கள் மொழிக்காக வருவதில்லை, அதோடு கிடைக்கும் கருவிக்காகத்தான் வருகிறார்கள். டார்ட் என்ற நிரல்மொழி 2011-லேயே வந்தது, கூகுள் பின்னால் நின்றும் பெரிதாக எடுபடவில்லை. 2018 டிசம்பரில், டார்ட்டில் ஆப் எழுத உதவும் ஃபிளட்டர் 1.0 வந்த பிறகு, அதற்காகவே டார்ட் படித்தவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். டிசிஎல் என்ற பழைய மொழியில் எழுதுகிறவர்களை இன்று தேட வேண்டும். அதன் திரை நூலகமான டிகே மட்டும் பைத்தான் மொழியின் டிகிண்டருக்குள் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டனைப் புதிதாக வரையும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற நூலகத்தை உங்கள் மொழியிலிருந்து கூப்பிட இணைப்பு எழுதுங்கள். கியூட்டி சி++ மொழியில் இருப்பதால் சின்ன மொழியிலிருந்து அதைத் தொடுவது தலைவலி. ஜிடிகே சி-யில் இருக்கிறது, தன் செயல்கூறுகளின் விவரத்தைத் தானே கொடுக்கிறது. பாதி இணைப்பை எந்திரமே எழுதிவிடும். மீதிப் பாதியை உங்கள் மொழிக்கு இயல்பாக மாற்றுவதில்தான் உழைப்பு.

அந்த யூனிட்டுக்குக் கடைசியில், பாஸ்கல் மொழியில் ஆப் எழுத உதவும் லாசரஸில் மறுபடி எழுதிக் கொடுத்தேன். எழுத்து வரைவதை அது விண்டோஸிடமே விட்டுவிடுவதால் 'கொங்கு' ஒழுங்காக வந்தது. எண்டர் விஷயத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். பார்த்தால், அதன் அட்டவணையில் எண்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போக 'ஆட்டோஅட்வான்ஸ்' என்று ஒரு அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சேர்த்த புண்ணியவான் எங்கோ ஒரு கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.