60 வாட் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு 150 வாட் வாங்குவது பயன் தருமா?

சேனலுக்கு 60 வாட் தரும் நல்ல ஆம்ப்ளிஃபயர் கையில் இருக்கிறது, ஸ்பீக்கர்களை அப்படியே வைத்துக்கொண்டு 150 வாட்டுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கும் நானும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே யோசனையில் அட்வான்ஸ் கொடுக்கும் வரை போய்த் திரும்பியவன்.

சக்தி இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். 60-லிருந்து 150-க்குப் போனால் கிடைப்பது 4 டெசிபல்; சத்தம் இரு மடங்காகக் காதில் பட ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது 600 வாட் வேண்டும். இருக்கும் 60 வாட்டில் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்காமல் 150-ஐப் பற்றி யோசிப்பதில் பொருளில்லை.

அதைப் பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். நீங்கள் அதிகபட்சமாக எவ்வளவு சத்தத்தில் கேட்பீர்களோ (எனக்கு அது தவில் தனி), அந்த வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, முழு அளவில் பதிவான 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக ஒலிக்கும் சோதனை ஒலி) அதே வால்யூமில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்து பாருங்கள். அந்த வால்யூமில் எந்தப் பாட்டின் உச்சமும் பெரும்பாலும் இதைத் தாண்டாது. வால்வு ஆம்ப்ளிஃபயரில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போகலாம்.

எனக்குக் கிடைத்தது 9 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 10 வாட் சொச்சம். 60 வாட் என்பது அதே ஸ்பீக்கரில் ஏறத்தாழ 22 வோல்ட். அதில் பாதியைக்கூட நான் தொட்டதில்லை.

அப்படியானால் என் ஆம்ப்ளிஃபயர் ஏன் சோர்ந்து ஒலித்தது? பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்றொரு மெல்லிய இரைச்சல் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மெக்கானிக் மூடியைத் திறந்து காட்டியபோது, பவர் சப்ளையில் இருந்த நான்கு பெரிய கண்டென்சர்களில் இரண்டின் தலை மேடாக உப்பி, ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் கசிவு காய்ந்திருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை டிசியாக மாற்றும்போது மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலையை அடக்கவேண்டியவை அவைதான். 16 ஆண்டுகளாகச் சேலத்து வெயிலில், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வெந்துகொண்டிருந்தால் அவை என்ன செய்யும்? நான்கையும் மாற்றியதும் இரைச்சல் போயிற்று, கீழ்ச்சுருதியும் திரும்பிவந்தது. நீங்களாக மூடியைத் திறக்கவேண்டாம். அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்த ஆண்டு கார்த்திகையில் அதே ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏற்றி ஏற்காட்டில் மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன். மின்விசிறி தேவைப்படாத அந்த அறையில், வீணைத் தந்தியின் அதிர்வு தேய்ந்து அடங்கும் கடைசி நொடிவரை கேட்டது. என் வீட்டில் மின்விசிறியும் பக்கத்துத் தெரு விசைத்தறியும் அதை எப்போதோ விழுங்கியிருந்தன. இந்த நுணுக்கத்துக்காகத்தான் நீங்கள் மாற்ற நினைக்கிறீர்கள் என்றால், கதவு ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும் சத்தமில்லாத மின்விசிறி வாங்குவதும் அதைவிட மலிவு.

மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் அளவு 20 வோல்ட்டை நெருங்கினாலோ, ஸ்பீக்கரின் மின்தடை சில சுருதிகளில் 3 ஓமுக்கு இறங்குவதால் சத்தம் கூட்டும்போது ஆம்ப்ளிஃபயர் தானாக அணைந்துகொண்டாலோ, தாராளமாக மாறுங்கள். ஆனால் கிளாஸ் ஏ வகையை மட்டும் இங்கே பரிந்துரைக்கமாட்டேன். பாட்டே ஓடாதபோதும் ஹீட்டரைப் போல வெப்பம் கக்கும் அதைச் சித்திரை மாதத்தில் யார் பக்கத்தில் வைத்துக்கொள்வது?

பணம் கொடுப்பதற்கு முன், நான்கு நாட்களுக்கு வீட்டில் வைத்துக் கேட்டுப்பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். இரண்டையும் ஒப்பிடும்போது ஒரே சைன் ஒலிக்கு இரண்டிலும் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமைச் சரிசெய்துகொள்ளுங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுகூட நம் காதுக்கு 'தெளிவு' என்றே படும். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் யாரையாவது மாற்றச் சொல்லுங்கள். என் வீட்டில் அந்த வேலையை என் மகள் செய்தாள். பத்து முறையில் ஐந்து முறைதான் நான் சரியாகச் சொன்னேன், அட்வான்ஸை மறுநாளே திரும்ப வாங்கிக்கொண்டேன்.