பட்டாவா, டபுள் கப்பா? புதுசா, பழசா?

கேள்வி: நாங்கள் விசுவமடுவில் இருக்கிறோம். நான்கு ஏக்கர் வயல், மேட்டுக்காணியில் கச்சானும் பப்பாசியும். என் கணவர் அயலிலும் மரக்கறி எடுத்து பரந்தன், கிளிநொச்சிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கிழமையில் ஒருநாள் வவுனியாவுக்கும் போவார். எல்லாம் வாடகைப் பட்டாவில்தான் (டாட்டா ஏஸ் சின்ன லொறி). வாடகை இலாபத்தைத் தின்கிறது என்பதால் சொந்தமாக ஒரு பிக்கப் எடுக்க யோசிக்கிறோம். கையில் 30 இலட்சம் இருக்கிறது. சுவிஸில் இருக்கும் தம்பி 10 இலட்சம் தருவதாகச் சொல்கிறான். கணவருக்கு அதை முற்பணமாகக் கட்டி, மிச்சம் 40 இலட்சத்தை லீசிங்கில் போட்டுப் புதுசு எடுக்க ஆசை. பழசு எடுத்தால் கராஜில்தான் நிற்கும் என்கிறார். மாமா ஒருவர் 40 இலட்சத்துக்கு ஒரு பழைய டபுள் கப் (பின்சீட்டும் உள்ள பிக்கப்) பார்த்து வைத்திருக்கிறார், குடும்பத்தோடும் போய் வரலாமாம். எதை எடுப்பது?
வாசகி, விசுவமடு

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு பேர் இரண்டு வாகனத்தைக் காட்டியிருக்கிறார்கள். நான் மூன்றாவதாக ஒன்றைக் காட்டப்போகிறேன், கோபிக்காதீர்கள்.

முதலில் லீசிங்கைப் பார்ப்போம். 40 இலட்சத்தை ஆண்டுக்கு 14 வீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதம் ஏறத்தாழ 93,000 ரூபா கட்ட வேண்டும். 60 மாதமும் கட்டி முடிக்கும்போது கொடுத்தது 56 இலட்சத்துக்குக் கிட்ட வரும். வட்டி மட்டும் 16 இலட்சம். கம்பனிக்குக் கம்பனி வீதம் மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். லீசிங் முடியும்வரை முழுக் காப்புறுதி போட்டே ஆக வேண்டும், அது தனிச் செலவு. மாதத் தொகையை மட்டும் சொல்லி மயக்குவார்கள். மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் எனக்குப் பயம் தருவது வட்டிகூட இல்லை. உங்கள் வீட்டுக்குக் காசு வரும் காலம்தான். காலபோக நெல் மாசி, பங்குனியில் விலைப்படும். குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகம் செய்தால் ஆவணியில் கொஞ்சம். கச்சான் ஒரு சந்தையில் ஏறும், அடுத்ததில் இறங்கும். மரக்கறி ஓட்டம் மாதாமாதம் வரும்தான், ஆனால் கார்த்திகை மழையில் தோட்டமும் படுத்துவிடும், வீதியும் படுத்துவிடும். லீசிங் கம்பனிக்குக் கார்த்திகையும் மாசியும் ஒன்றுதான். இரண்டு, மூன்று கட்டுப்பணம் பிந்தினால் வாகனத்தைத் தூக்க ஆள் வரும். நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்ற கதையெல்லாம் வன்னியில் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால் உங்கள் வீட்டுக்குப் பழசுதான் சரி. கடனில்லாமல் எடுங்கள், ஆனால் கையிலிருக்கும் 40 இலட்சத்தையும் அதில் கொட்ட வேண்டாம். 28, 30 இலட்சத்துக்குள் வாகனத்தை முடியுங்கள். மிச்சத்தில் 4, 5 இலட்சத்தை வாங்கிய முதல் மாதமே ரயர், பற்றரி, பிரேக், ஓயில் என்று செலவழிக்க வையுங்கள். மீதியைத் தொடாதீர்கள். பழைய வாகனம் கராஜில் நிற்கும் என்று உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது நாள்கணக்கில் நிற்பது பெரும்பாலும் திருத்தக் காசு இல்லாததால்தான்.

ஒன்று சொல்ல வேண்டும், பழசும் இப்போது மலிவில்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 தையின் முடிவில்தான் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் நாட்டுக்குள் இருந்ததே கைமாறிக் கைமாறி விலை ஏறியது. திறந்த பிறகும் புதுசின் மேல் இருக்கும் வரிகளால் அது எட்டாத உயரத்தில் நிற்கிறது, பழசும் அதன் நிழலில் இறங்காமல் இருக்கிறது. அவசரப்படுத்தும் தரகரிடம் 'பிறகு வருகிறோம்' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இனி எந்த வாகனம் என்று பார்ப்போம். மாமா பார்த்த டபுள் கப் அழகாக இருக்கும், வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போய் இறங்கினால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அதன் பின்பெட்டி ஐந்து அடிதான். பப்பாசிப் பெட்டி எத்தனை அடுக்குவீர்கள்? 40 இலட்சத்துக்கு டபுள் கப் என்றால் அது நல்ல வயது போனதாகத்தான் இருக்கும். உங்கள் தொழில் பெட்டியில் இருக்கிறது, பின்சீட்டில் இல்லை.

பட்டாவைக் குறைவாக நினைக்க வேண்டாம். சாதாரணமாக நம் வீதியில் ஓடும் டாட்டா ஏஸ், 702 சிசி டீசல் எஞ்சின், 750 கிலோ ஏற்றலாம். கிளிநொச்சிச் சந்தை ஓட்டத்துக்கு அது போதும். நெல் மூடை 65, 70 கிலோ என்று பார்த்தால் 10 மூடையிலேயே நிறைந்துவிடும். ஆனால் சின்ன எஞ்சின், பாரத்தோடு ஏ9 வீதியில் வவுனியா வரை கிழமை தவறாமல் ஓட்டினால் உயிரை விட்டு இழுக்கும். ஆகவே கடந்த ஆறு மாத வாடகைத் துண்டுகளை எடுத்து, வவுனியா ஓட்டம் எத்தனை, ஒரு தடவைக்கு எத்தனை கிலோ என்று கணவரோடு இருந்து பாருங்கள். பாரம் 600 கிலோவுக்குள் நின்றால் நல்ல பட்டா ஒன்று போதும், கையில் இன்னும் காசு மிஞ்சும். அடிக்கடி ஒரு தொன்னைத் தொட்டால் பொலேரோ போன்ற, முன்சீட் மட்டும் உள்ள சிங்கிள் கப் பிக்கப் தேடுங்கள். அந்தத் துண்டுகளைக் கூட்டிப் பார்த்து மாதம் 40,000 ரூபா கூட வாடகை வரவில்லை என்றால் இந்த வருடம் வாகனமே வாங்காதீர்கள், வாடகைக்காரனோடு ஒரு மாத விலை பேசுங்கள்.

எஞ்சினில் ஒரு விசயம் கவனிக்க வேண்டும். பழைய மாதிரி டீசல் எஞ்சினை விசுவமடுவிலோ புதுக்குடியிருப்பிலோ யாரும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. புது மாதிரி கொமன் ரெயில் எஞ்சின் (டீசலை உயர் அழுத்தத்தில் தெளிப்பது) வலுக் கூட, டீசலும் மிச்சம். ஆனால் டீசலில் தண்ணீர் கலந்தால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் போகும், ஒன்றின் விலையே கையைக் கடிக்கும். 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு கானிலும் பரலிலும் டீசல் சேர்த்து வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி ஓடிய வாகனமா என்று கேளுங்கள். டீசல் பில்டரைக் கழற்றிப் பார்த்தால் அடியில் தண்ணீரும் துருவும் கதை சொல்லும். பழைய மிற்சுபிசி எல்200 பிக்கப் மாதிரி ரைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் எஞ்சினையே திறக்க வேண்டி வரும்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். உரிமையாளரிடம், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னமே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது நீலப்புகை விட்டால் ஓயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் சந்தேகம் கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது ஓயில் மூடியைத் திறந்தால் காற்று குப்குப்பென்று வருகிறதா பாருங்கள். வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. மீற்றரில் எண்பதாயிரம் கிலோமீற்றர் காட்டி, பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் நான் பெடலைத்தான் நம்புவேன்.

இதைவிட முக்கியம் அடிப்பக்கம். முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றிய வாகனங்கள் விலைக்கு வருகின்றன. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பெட்டியின் மூலைவழியாகச் செசியில் (வாகனத்தின் அடிச்சட்டத்தில்) வடியும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். குனிந்து படுத்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங் செசியோடு பூட்டும் இடம், பெட்டிக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம், இரண்டிலும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருப்பிடித்தது மொத்தென்று கேட்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்பு மை பூசியிருந்தால் அது அழகுக்காகப் பூசியது என்று நினைக்காதீர்கள். மணல், கிறவல் ஏற்றிய வண்டி என்றால் ஸ்பிரிங் தகடு கூடுதலாகப் போட்டிருக்கும், செசியில் வெல்டிங் ஒட்டு இருக்கும். விலையை எவ்வளவு குறைத்தாலும் அதை எடுக்காதீர்கள்.

வெள்ளமும் இருக்கிறது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் திறந்தபோது தண்ணீரில் நின்ற வாகனங்களும், 2025 கார்த்திகை டித்வா புயலில் நாடு முழுவதும் மூழ்கிய வாகனங்களும் கழுவித் துடைத்து விலைக்கு வரத்தானே செய்யும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்று வரி அதில்தான் தங்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட், பியூஸ் பெட்டி இரண்டிலும் துரு இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம் வாகனத்தின் பதிவுப் புத்தகம். 2009க்குப் பிறகு புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்தும் உடைந்தும் கிடந்த வாகனங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். புத்தகம் ஒன்று, வாகனம் இன்னொன்று என்று வருவது இங்கே நடக்காததல்ல. எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். செசி இலக்கத்தைச் சுற்றி அரம் போட்ட அடையாளமோ வெல்டிங்கோ இருந்தால் பேச்சை முடியுங்கள். சான்றிதழில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் விடுவிப்புக் கடிதம் கையில் வராமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். 'ஓபன் பேப்பர்' என்று, எப்போதோ கையெழுத்து வைத்த மாற்றல் படிவங்களை நீட்டுவார்கள். கையெழுத்து வைத்தவர் நாளைக்கு வெளிநாட்டில், அல்லது உயிரோடு இல்லை. பதிந்த உரிமையாளரையே நேரில் பாருங்கள். அவரது அடையாள அட்டையைப் பாருங்கள். பெயர் மாற்றுவதைக் கையோடு செய்யுங்கள். லொறி என்று பதிந்திருந்தால் வருடா வருடம் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும், வரிப் பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதி எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நிலுவை எதுவாக இருந்தாலும் விலையில் கழியுங்கள்.

புதுசே வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். கணவருக்கு ஒரு சுப்பர் மார்க்கெட்டோடோ ஆடைத் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்காரரோடோ மாதக் கணக்கில் எழுத்து ஒப்பந்தம் இருந்தால், தவணை வரும் தேதியில் காசும் வரும், அப்போது லீசிங்கில் புதுசு எடுப்பது நியாயம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் பட்டா ஓடி, ஒப்பந்தம் வந்தால் அப்போது பட்டாவை விற்றுப் புதுசுக்குப் போகலாம்.

தம்பியின் 10 இலட்சம் உதவியா கடனா என்பதை வாங்கும் முன்னமே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கடன் என்றால் கணவருக்கும் தெரியட்டும். அந்தப் பணம் போவதால் வாகனத்தை உங்கள் பெயரில் பதிவதில் தவறில்லை. ஓட்டப்போவது அவர்தானே, அவருக்கு அதில் குறை வராது.

மாமாவுக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல முடியாமல்தான் தலை சுற்றுகிறது என்று நினைக்கிறேன். டபுள் கப்பை மெக்கானிக் ஒருவரோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் செசியைத் தட்டிப் பார்த்துச் சொன்னதை அப்படியே மாமாவிடம் சொல்லுங்கள். பழி மெக்கானிக்கின் தலையில் போகட்டும், அவருக்கு அது பழக்கம்.