குறிஞ்சி பூக்கும்போது மட்டும் வரும் காதலன்: இந்த இளையோர் மாயக்காதல் நாவலின் பலம், பலவீனம் என்ன?

நீங்கள் கருத்துக் கேட்டு அனுப்பிய நாவலின் கதைச் சுருக்கம் இது: 2018, கோத்தகிரி. பதினேழு வயதுப் பெண். குறிஞ்சி பூக்கும் பருவத்தில் மட்டும் மனித உருவெடுக்கும் மலைப் பையன். மந்திரம் தெரிந்த ஒரு தோடர் முதியவர். கடைசி அத்தியாயத்தில் 2030, மறுபடி பூ, மறுபடி சந்திப்பு.

பெரிய பலம் காலக்கெடு. இந்த வகை நாவல்களில் காதலரைப் பிரிக்க வில்லன், சாபம், போர் என்று எதையாவது வெளியிலிருந்து இழுத்து வரவேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த வேலை இல்லை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். ஜூலை கடைசியில் தொடங்கினால் அக்டோபருக்குள் முடிந்துவிடும். பூ வாடினால் நேரம் தீர்ந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கெடுவை முதலில் மீறுவது நீங்கள்தான். நடுவில் ஒரு காட்சியில் இருவரும் உறைபனி படர்ந்த புல்லில் நடக்கிறார்கள், பக்கத்தில் குறிஞ்சி பூத்திருக்கிறது. நீலகிரியில் உறைபனி விழுவது டிசம்பர், ஜனவரியில். பூக்காலத்தில் சாரலும் மேகமும்தான். இன்னொன்று, குறிஞ்சி அடர்காட்டுக்குள் வளராது. சோலைக்கு வெளியே, வெயில் படும் புல்வெளிச் சரிவில் புதர் புதராக நிற்கும். இருவரும் ஒளிந்து சந்திக்க அங்கே மரமே கிடையாது. அதுவும் உங்களுக்கு நல்லதுதான். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் என்ற பயம் காட்சிக்குள் தானாக வந்துவிடும்.

அடுத்தது பையனின் வயது. இந்த வகையின் பழைய நோயே அதுதான்: பல நூறு வயது ஆண், பள்ளி முடிக்காத பெண். உங்கள் விதியிலேயே இதற்கு மருந்து இருக்கிறது, கணக்குப் போடாமல் விட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு பூப்பிலும் மூன்று மாதம் விழித்திருக்கிறான் என்றால், 17 வயது ஆக 68 முறை பூக்க வேண்டும். 816 ஆண்டுகள்! அவன் வாழ்ந்தது என்னவோ பதினேழு ஆண்டுதான். ஆகவே ஞானி மாதிரிப் பேசக் கூடாது. தூங்கி எழும்போதெல்லாம் ஊர் மாறிக் கிடக்கிற பையன் மாதிரிப் பேச வேண்டும். 1898இல் பூத்தபோது மலை ரயில் கிடையாது, குன்னூருக்கே 1899இல்தான் வந்தது. அடுத்து 1910இல் கண் விழித்தால் ரயில் ஊட்டிவரை ஓடிக்கொண்டிருக்கிறது. போன முறை புல்வெளியாக இருந்த சரிவில் இந்த முறை சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). நீங்கள் எழுதியிருக்கும் நிலாக் கவிதைகளைவிட இந்தத் திகைப்பு ஒன்றே அவன்மேல் பிரியத்தை உண்டாக்கும்.

இதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. குறிஞ்சிச் செடி பூத்து, விதை விட்டு, செத்துப்போகும். அடுத்த முறை பூப்பது விதையிலிருந்து வந்த வேறு செடி. அப்படியானால் 2030இல் வருபவன் அதே பையனா? நினைவு விதை வழியாகப் போகும் என்று வைத்தால் மேலே சொன்ன 816 ஆண்டுக் கணக்கு நிற்கும். போகாது என்று வைத்தால் இது முழுச் சோகக் கதை. இரண்டில் ஒன்றை முதல் மூன்று அத்தியாயத்துக்குள் முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். தேவைப்படும்போதெல்லாம் விதி வளைந்தால் மாயத்துக்கு மதிப்பே இருக்காது.

எப்படி வைத்தாலும் அந்த 2030 அத்தியாயம் தேறாது. அப்போது அவளுக்கு 29, அவனுக்கு இன்னும் 17. நீங்கள் அவர்களைக் கட்டியணைக்க வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் காலத்தில் பின்னால் போவதுதான் நல்லது. 2006இல் பூத்தபோது அவளுக்கு ஐந்து வயது. பூப் பார்க்கப் போன கூட்டத்தில் வழி தவறிய சிறுமியை யாரோ ஒரு பையன் சாலைவரை கொண்டுவந்து விட்டான் என்று இரண்டு வரி போதும்.

தோடர் முதியவர் பலவீனமான பாத்திரம். மந்திரம் சொல்லிவிட்டுப் போவதைத் தவிர அவருக்குக் கதையில் வேலையில்லை. பழங்குடி என்றாலே மாந்திரீகம் என்ற தேய்ந்த பாதை அது. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாகப் போடும் பூவேலைக்கு முன்கூட்டி வரைவது இல்லை, இழையை எண்ணியே ஊசி போகும். முதியவருக்குப் பதில் அப்படி எண்ணத் தெரிந்த ஒரு பாட்டியை வையுங்கள். பூப்புகளை எண்ணி வைத்திருப்பவள் அவளாக இருக்கட்டும். அவளுக்கென்று எருமை, பேரப்பிள்ளை, கோபம் எல்லாம் இருக்கட்டும். கோயில் சடங்குச் சொற்களை மட்டும் மந்திரமாக்கிவிடாதீர்கள்.

கடைசியாகத் தோழி. உங்கள் நாவலில் அவள் கதை கேட்க மட்டும் இருக்கிறாள். சங்கக் குறிஞ்சித் திணையில் தோழி சும்மா இருக்க மாட்டாள். சந்திக்கும் இடத்தைக் குறிப்பாள், தலைவனை மடக்கி 'எப்போது மணப்பாய்' என்று கேட்பாள், வீட்டில் தெரியவரும்போது வளர்ப்புத் தாயான செவிலியிடம் உண்மையைப் பக்குவமாக எடுத்துச் சொல்வாள். அந்த மூன்றில் ஒன்றையாவது இவளுக்குக் கொடுங்கள். 'பூ உதிர்ந்த பிறகு இவளுக்கு என்ன வழி?' என்று அந்தப் பையனை நேருக்கு நேர் கேட்க இந்த நாவலில் வேறு ஆளே இல்லை.