சந்தாக் கொப்பி

அன்பின் அண்ணா,

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைப் பொடியன்கள் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு நினைவு மலர் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. கையில் இருப்பது மூன்று கிண்ணம், ஒரு குழுப்படம், அப்பா பொருளாளராக இருந்தபோது எழுதிய சந்தாக் கொப்பி. சோண்டர்ஸ், ரினோன் மாதிரிப் பெரிய கழகங்கள் என்றால் எழுத நிறைய இருக்கும். எங்களுக்கு என்ன வரலாறு?

வாசகர், கொழும்பு 13

அன்பின் தம்பி,

கிண்ணங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும். கொப்பியை எடுங்கள்.

1918இல் தொடங்கிய சோண்டர்ஸ், இலங்கை எஃப்.ஏ. கிண்ணத்தை ஆகக்கூடிய தடவை வென்றவர்கள். அவர்கள் கதையைப் பத்திரிகைகள் எழுதிவைத்திருக்கின்றன. உங்களுக்கு அந்தக் கொப்பிதான் பத்திரிகை. யார் மாதாமாதம் கட்டினார், யார் பெயருக்கு நேரே மூன்று மாதம் வெறுமையாகக் கிடக்கிறது, பந்து தைத்த கூலி எவ்வளவு, ஜேர்சி தோய்த்த காசை யார் கொடுத்தார்? வெறுமையாகக் கிடக்கும் மாதங்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்குத் துறைமுகத்தில் வேலை நின்றிருக்கும், இன்னொருவருக்குக் கலியாணம் முடிந்திருக்கும்.

பிறகு, தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 ஜூலைப் பக்கம். கொழும்புக் கழக மலர்கள் சிலவற்றை வாசித்திருக்கிறேன். ‘தவிர்க்க முடியாத காரணங்களால் கழகம் சிறிது காலம் இயங்கவில்லை’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். தயவுசெய்து அந்த வரியை நீங்கள் எழுத வேண்டாம். ஜூனில் சந்தா கட்டியவர்களில் எத்தனை பேர் டிசம்பரில் கட்டினார்கள் என்று எண்ணி, அந்த இரண்டு எண்களையும் போடுங்கள். கப்பலேறி வடக்கே காங்கேசன்துறைக்குப் போனவர் யார், இந்தியாவுக்குப் போனவர் யார் என்று விசாரியுங்கள். குழுப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர்களுடைய பிள்ளைகளே பதில் எழுதுவார்கள். வலையும் பந்தும் அந்த நாட்களில் யார் வீட்டில் இருந்தன என்பதையும் கேளுங்கள். சிங்கள, முஸ்லிம், மலாய்ப் பொடியன்களும் உங்கள் அணியில் ஆடியிருப்பார்கள். அந்தப் பதில் அவர்களிடம் இருக்கலாம்.

ஆண்டுகளுக்கு மட்டும் ஞாபகத்தை நம்பாதீர்கள். 1995இல் கொழும்பு சுகததாச அரங்கில் இந்தியாவை, மேலதிக நேரத்தில் விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் தங்க கோலால் வென்று இலங்கை தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்தபோது தாங்கள் அங்கே இருந்ததாகச் சொல்லும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அத்தனை பேரையும் அந்த அரங்கு கொள்ளாது. நானே சில காலம் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். உண்மையில் வீட்டில் வானொலிக்குப் பக்கத்தில் இருந்தேன். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வீரகேசரி, தினகரன் கட்டுகளைப் புரட்டுங்கள். உங்கள் கழகத்தின் பெயரை எழுத்துப் பிழையோடுதான் போட்டிருப்பார்கள், அதற்கும் தயாராகப் போங்கள்.

குழுப்படத்தின் ஓரத்தில் ஜேர்சி போடாமல், தண்ணீர் வாளியோடு யாராவது நிற்கிறாரா? அவர் பெயரை முதலில் தேடுங்கள். கோல் அடித்தவர்களின் பெயரை அவர்களே வந்து சொல்வார்கள்.

மலர் வந்ததும் எனக்கொரு பிரதி ஒதுக்கி வையுங்கள். காசு கொடுத்துத்தான் வாங்குவேன், கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.