ஜிபிஎல் மென்பொருளை விற்றால் மூலநிரலை வெளியிட வேண்டுமா?

நீங்கள் எழுதிய பில் மென்பொருளை மதுரை விளக்குத்தூண் பகுதியில் மூன்று ஜவுளிக் கடைக்காரர்களுக்கு விற்றுவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். ஜிபிஎல் என்பது ஒரு திறந்த மென்பொருள் உரிமம்; அந்த உரிமத்தில் உள்ள நிரலைச் சேர்த்து உருவாக்கிய மென்பொருளை விற்றால், அதையும் மூலநிரலோடு, அதாவது நீங்கள் எழுதிய நிரல் வரிகளோடு, அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் மூலநிரலை உலகம் முழுவதற்கும் வெளியிட வேண்டியதில்லை. அந்த மூன்று கடைக்காரர்களுக்கு, ஜிபிஎல் உரிமத்தோடு கொடுத்தால் போதும். மென்பொருளுக்குப் பணம் வாங்கலாம். ஆனால் அவர்கள் அதையும் மூலநிரலையும் வேறொருவருக்குக் கொடுப்பதை நீங்கள் தடுக்க முடியாது.

"லினக்ஸை விட்டு விண்டோஸுக்கு மாறினால் தப்பலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாறிப் பயனில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் ஜிபிஎல் 2-இல் இருந்தாலும், அதன்மேல் வழக்கமாக இயங்கும் செயலிகளை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது என்று அதன் உரிமக் கோப்பே தெளிவாகச் சொல்கிறது. உங்களைக் கட்டுப்படுத்துவது திரைகளை அமைக்க நீங்கள் பயன்படுத்திய பைக்யூட்டி (PyQt) என்ற பைத்தான் தொகுப்பு. அது ஜிபிஎல் 3 அல்லது கட்டண உரிமம் என்ற இரண்டு வழிகளில் மட்டுமே கிடைக்கிறது, எந்த இயங்குதளத்திலும் இதுவே நிலை.

நிரலை மூடி வைக்கத்தான் வேண்டுமென்றால், ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும், அதே வேலையைச் செய்யும் பைசைடு (PySide) தொகுப்புக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அமைப்பு என்பதால், பெரும்பாலும் இறக்குமதி வரிகளையும் சிக்னல் பெயர்களையும் திருத்தினாலே ஓடிவிடும். அதற்கு முன், பயன்படுத்திய ஒவ்வொரு தொகுப்பின் உரிமக் கோப்பையும் திறந்து படியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: விற்பனை வரைபடத்துக்கு க்யூட்டி சார்ட்ஸ் (Qt Charts) என்ற தொகுப்பைச் சேர்த்திருந்தால், அதன் இலவசப் பதிப்பு ஜிபிஎல்தான், ஆகவே பைசைடுக்கு மாறியும் பயனிருக்காது. ஏற்கெனவே கொடுத்த மூன்று பிரதிகளுக்கான கடமையும் நீங்காது. என்னைக் கேட்டால், கடைக்காரர்களிடம் நிரலைக் கொடுத்துவிட்டு, ஆண்டுப் பராமரிப்புக்குக் கட்டணம் வாங்குவதே நேர்மையான வழி.