லைசென்ஸும் சேர்த்துத்தான் விலையா?

கேள்வி: மெல்போர்னில் ஒரு சைல்ட்கேரில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலாளி அம்மா ஓய்வு பெறப் போகிறார். 48 இடங்கள் கொண்ட அந்த சென்டரை எனக்கும் என் கணவருக்கும் விற்கத் தயார். “லைசென்ஸும் சேர்த்துத்தான் விலை, அடுத்த மாதமே சாவியை வாங்கிக்கொள்” என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: சாவி வேண்டுமானால் கிடைக்கும். சென்டரை நடத்த சாவி போதாது.

லைசென்ஸ் என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்வது ஆஸ்திரேலியாவில் மூன்று தனித்தனி அனுமதிகள். முதலாவது, ப்ரோவைடர் அப்ரூவல். அது நடத்துபவருக்கான அனுமதி. விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. நீங்களோ உங்கள் கம்பெனியோ புதிதாக விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். நிர்வாகத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் தகுதியானவரா என்று பார்ப்பார்கள், உங்கள் கணவர் உட்பட. அடுத்த மாதம் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது, அந்த சென்டருக்கான சர்வீஸ் அப்ரூவல். இது மட்டும் கைமாறும். விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து மாநிலக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த அமைப்பு தலையிட்டால், அதன் சம்மதம் வரும்வரை மாற்ற முடியாது.

பலரும் கோட்டைவிடுவது மூன்றாவதில். அதுதான் மத்திய அரசின் சைல்ட்கேர் மானியத்துக்கான அனுமதி. இதற்குத் தனி விண்ணப்பம். 2023 ஜூலை முதல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 90 சதவீதம் வரை மானியம் உண்டு. நாளுக்கு 120 டாலர் கட்டணம், 80 சதவீத மானியம் என்று வையுங்கள். பெற்றோர் கையிலிருந்து போவது முப்பது டாலருக்குள். உங்கள் பெயரில் இந்த அனுமதி வராமல் கதவைத் திறந்தால் அதே பெற்றோர் 120 டாலரையும் கட்ட வேண்டும். எத்தனை நாள் கட்டுவார்கள்? நீங்கள் விலை கொடுப்பது கட்டடத்துக்கோ ஊஞ்சலுக்கோ இல்லை, நிரம்பிய இடங்களுக்குத்தானே!

அதனால் முன்பணத்துக்கு முன் வக்கீலிடம் போங்கள். மூன்று அனுமதியும் வந்த பிறகே செட்டில்மென்ட் (மீதிப் பணம் கொடுத்து சென்டரைக் கைக்கு வாங்குவது), வராவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கட்டடம் வாடகை என்றால் லீஸை மாற்ற உரிமையாளர் சம்மதமும் வேண்டும்.

அப்புறம், தினமும் தாண்டிப் போகும் வாசல் பலகையை ஒருமுறை நின்று படியுங்கள். அனுமதி யார் பெயரில் இருக்கிறது? அம்மா பெயரா, கம்பெனியா? அந்தப் பெயருக்கு உரியவர்தான் விற்க முடியும். தர மதிப்பீடு, ஏதாவது விதிவிலக்கு வாங்கியிருந்தால் அதன் விவரம் எல்லாம் அதிலேயே இருக்கும். மூன்று வயதுக்குக் கீழே 4 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை என்பது விக்டோரியா கணக்கு. ஆள் போதாமல் விதிவிலக்கில் ஓடும் சென்டர் என்றால், ஆள் தேடும் தலைவலியும் செலவும் இனி உங்களுக்கு.

கூட வேலை பார்ப்பவர்களின் சேர்ந்த விடுப்பையும் கணக்கெடுங்கள். விக்டோரியாவில் 7 வருடம் ஆனவருக்குச் சம்பளத்தோடு நீண்டகாலச் சேவை விடுப்பு உண்டு. சென்டர் கைமாறினாலும் அவர்கள் சேவை தொடரும், அந்தப் பாக்கி உங்கள் தலையில் விழும். விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளின் பதிவேடுகள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் அவற்றைப் புதியவரிடம் கொடுக்கக் கூடாது. 48 இடம் என்றாலும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் வருபவர்களைச் சேர்த்தால் குடும்பங்கள் அதைவிட அதிகம். செட்டில்மென்ட் அன்று காலை கதவருகே பேனாவோடு நிற்காமல், சில வாரம் முன்பே கையெழுத்து வாங்கத் தொடங்கச் சொல்லுங்கள்.