இதயத் தசைக்குள் கால்சியம்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். தசைக்குள் கால்சியம் சரியாக ஓடவில்லை என்கிறார் டாக்டர். ரத்தத்தில் கால்சியம் 9.2, நார்மல். பால் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: பாலால் இது சரியாகாது. அவருக்குத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் பாலும் அந்தக் கணக்கில்தான் சேரும், கவனம். ரத்தத்தில் இருப்பது ஒரு கணக்கு, தசை செல்லுக்குள் நடமாடுவது வேறு கணக்கு. இரண்டு துடிப்புக்கு நடுவே தசை சுருங்காமல் தளர்ந்திருக்கும் நேரத்தில், வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் செல்லுக்குள் மிதக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைந்து, உள்ளே இருக்கும் சேமிப்புப் பையின் கதவைத் திறந்துவிடும். ரயனோடின் ஏற்பி என்பது அந்தக் கதவு. பையிலிருந்து கால்சியம் கொட்டும், தசை சுருங்கும். அப்புறம் செர்கா என்ற பம்ப் அதை மறுபடி பைக்குள் இழுத்துக்கொள்ளும், தசை தளரும். ஹார்ட் ஃபெயிலியரில் பல பேருக்கு இந்த பம்ப் மந்தமாகிறது, கதவும் கசிகிறது. பையில் இருப்பு குறைவதால் அடுத்த துடிப்புக்கு வலு போதவில்லை.

கேள்வி: இதயத்துக்குக் கால்சியம் வேண்டும் என்று முதலில் எப்படித் தெரிந்தது? (நர்சிங் மாணவி)

பதில்: லண்டனில் சிட்னி ரிங்கர், தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். கரைசல் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்தது. காய்ச்சி வடித்த நீரில் கலந்ததும் துடிப்பு அடங்கிவிட்டது. குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று 1883-ல் எழுதினார்.

கேள்வி: என் அக்கா மகளுக்குப் 11 வயது. ஓடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தாள். ஈசிஜி நார்மல். பயத்தால் வந்தது என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து இதோடு விட்டுவிடாதீர்கள். ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்குகிற குழந்தைக்கு, படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி மட்டும் போதாது. சிபிவிடி என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. பெரும்பாலும் நான் மேலே சொன்ன அந்தக் கதவின் மரபணுவில்தான் பிழை. ஓட்டத்திலோ அதிர்ச்சியிலோ அட்ரினலின் ஏறும்போது, திறக்கக்கூடாத நேரத்தில் கதவு கசியும். கசிந்த ஒரு கால்சியத்தை வெளியே தள்ள, செல் மூன்று சோடியத்தை உள்ளே விடுகிறது. அதனால் மின்னூட்டம் ஏறி, வேண்டாத துடிப்பு கிளம்பும். தொடர்ந்து கிளம்பினால் உயிருக்கே ஆபத்து. அவளுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதய மருத்துவர் மேற்பார்வையில் டிரெட்மில் பரிசோதனை அவசியம், அதுவரை ஓட்டமும் நீச்சலும் வேண்டாம். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இதுவே என்றால் அட்ரினலின் இதயத்தைத் தூண்டுவதை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் தாறுமாறான துடிப்பை அடக்கும் ஃபிளெகைனைடும் சேர்ப்பார்கள்.

கேள்வி: ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர் பிரஷருக்குக் கால்சியம் பிளாக்கர் சாப்பிடலாமா?

பதில்: எது என்பதைப் பொறுத்தது. இதயத்தின் பம்ப் செய்யும் வலு குறைந்தவர்களுக்கு வெரபமில், டில்டியாசெம் ஆகாது. அம்லோடிபின் பொதுவாகக் கெடுதல் செய்வதில்லை.

கேள்வி: அம்மா டிஜாக்சின் என்ற இதய மாத்திரை எடுக்கிறார். இதற்கும் கால்சியத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. அது செல்லுக்குள் சோடியத்தைக் கூட்டும். அதனால் கால்சியம் வெளியேறுவது குறையும், துடிப்புக்கு வலு கூடும். அளவு மீறினால் அதே கால்சியம் துடிப்பைத் தாறுமாறாக்கும். சாப்பாடு பிடிக்காமல் குமட்டினாலோ, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பொட்டாசியமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.